எங்களுக்காகப் பச்சையாக வைத்திருக்க வேண்டாம்: பார்க்ஸ் கனடாவுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா அதிகாரிகளுக்கு, குறிப்பாக ஆல்பர்ட்டா மாகாணத்து மலைகளில் இருக்கும் ஜாஸ்பர் தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று என் மனைவி கேட்டாள். மொழிபெயர்க்கும் கருவிதான் இப்போது எல்லார் கையிலும் இருக்கிறதே, மனசு இருந்தால் படித்துக்கொள்வார்கள் என்றேன். தவிர, இதில் பாதி வருஷா வருஷம் ஜாஸ்பருக்கு வண்டி கட்டுகிற நம்ம ஆட்களும் படிக்க வேண்டியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களைத் திட்ட எனக்குப் பெரிதாக உரிமை கிடையாது. என் வீடு எரியவில்லை. நான் விருந்தாளி. எட்மன்டனிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, மேற்கே 360 கிலோமீட்டர் ஓட்டி, ஞாயிறு ராத்திரி வீடு திரும்புகிற ரகம். 2024 கோடையில் காட்டுத்தீயில் ஜாஸ்பர் ஊர் எரிந்தபோது அழுதவர்களில் எங்களைப் போன்றவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஊரில் குடியிருப்பவர்கள் சுமார் 5,000 பேர், வந்து போகிறவர்கள் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஊரையும் காட்டையும் நீங்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த 20 லட்சம் பேரின் கண்ணுக்காகவே வைத்திருந்தீர்கள், அது போதும், இனி விட்டுவிடுங்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனாகச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜாஸ்பர் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்மன்டன் தமிழ்க் குடும்பங்களில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் கூட்டிக்கொண்டு போகிற இடம் அதுதான். தெற்கே இருக்கும் இன்னொரு மலைப் பூங்காவான பான்ஃப் அழகுதான், ஆனால் அங்கே கூட்டமும் விலையும் மூச்சு முட்டும். ஜாஸ்பரில் ரயில் நிலையத்துக்கு எதிரில் காரை நிறுத்திவிட்டு, அந்த ஒரே நீளக் கடைத்தெருவில் நடந்தால் எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் மலை நிற்கும். வடக்கே பிரமிட் மலை, அதன் பாறை வெயில் சாயும்போது செம்மண் நிறத்துக்கு மாறும். தெற்கே தூரத்தில் எடித் காவெல், கோடையிலும் பனி போர்த்தியிருக்கும். தெருவில் எல்க் சாவகாசமாகக் குறுக்கே போகும், கார்கள் எல்லாம் அதற்குப் பணிந்து நிற்கும். என் அம்மா முதல் தடவை பார்த்துவிட்டு, "மானுன்னு சொன்னீங்க, இது எருமை கணக்கா இருக்கே" என்றார். விஸ்லர்ஸ் முகாமில் நம்மவர்கள் கூடாரம் போட்ட பக்கம் குக்கர் விசில் கேட்கும். புளியோதரைப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டால், உங்கள் ஊழியர் வந்து, கரடி வரும், உணவு ஒன்றும் வெளியே இருக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்குவார். ஆண்டுத் தொடக்கத்தில் முகாம் முன்பதிவு திறக்கும் நாளில் காலையிலேயே கணினி முன் உட்கார்ந்து, வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பது எங்கள் வீடுகளில் ஒரு சடங்கு.

2024 ஜூலை 22, திங்கட்கிழமை. அந்த மாதம் முழுக்க மேற்குக் கனடாவில் அடித்த வெயிலை யாரும் மறந்திருக்க முடியாது. இடி மின்னல் அடித்த அந்த நாளில் ஊருக்கு வடக்கே ஒரு தீ, தெற்கே சில தீக்கள். ராத்திரி வெளியேற்ற உத்தரவு வந்தபோது ஊர்க்காரர்கள், சுற்றுலாப் பயணிகள் எல்லாம் சேர்த்துப் பூங்காவுக்குள் சுமார் 25,000 பேர். கிழக்கே போகும் 16ஆம் எண் சாலையையும் தெற்கே போகும் 93ஆம் எண் சாலையையும் தீயும் புகையும் அடைத்துவிட்டன. மிச்சம் இருந்தது மேற்கு ஒன்றுதான், பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம். ஒரே சாலையில், இருட்டில், சாம்பல் விழ விழ, இத்தனை ஆயிரம் பேரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்காக உங்களுக்கும் நகராட்சிக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தகும், இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

அந்த வரிசையில் எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இருந்தான். திருச்சிப் பக்கத்துப் பையன், அங்கே ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. கார் கிடையாது. கூட வேலை செய்கிற பிலிப்பினோ அக்கா ஒருவரின் காரில் பின்சீட்டில் நாலாவது ஆளாக ஏறிக்கொண்டான். "பாஸ்போர்ட், ஃபோன், ஒரு ஜாக்கெட். அவ்ளோதாண்ணா எடுத்தேன்" என்று மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் வேல்மவுண்ட் ஊரிலிருந்து பேசினான். ஆல்பர்ட்டாக்காரர்களுக்கான முகாம்கள் கிராண்ட் பிரெய்ரியிலும் எட்மன்டனிலும் கேல்கரியிலும். நேர்ப் பாதை அடைபட்டுக் கிடந்ததால் அவர்கள் பிரின்ஸ் ஜார்ஜ் வழியாக, ஒரு மாகாணத்தையே சுற்றிக்கொண்டு வந்தார்கள். நாலு மணி நேரத்தில் வர வேண்டியவன் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது, அவன் தங்கியிருந்த ஊழியர் குடியிருப்பு எரிந்து முடிந்திருந்தது.

24ஆம் தேதி சாயங்காலம் தெற்குத் தீ ஊருக்குள் புகுந்தது. மறுநாளிலிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. அந்தத் தம்பி எங்கள் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாத் தெருவும் ஒன்றுபோலத்தான் இருந்தன, சாம்பலும் அடித்தளக் காங்கிரீட்டும். கடைசியில் தன் இடத்தைக் கண்டுபிடித்தது ஒரு குப்பைத்தொட்டியை வைத்து, கரடி திறக்க முடியாதபடி நீங்கள் வைக்கிற அந்தக் கனத்த இரும்புத் தொட்டி. அதன் மூடியில் யாரோ ஒட்டியிருந்த ஹாக்கி ஸ்டிக்கரின் இடம் மட்டும் தீயில் வேறு நிறமாகத் தெரிந்தது. "இதுக்கு வலது பக்கம்தாண்ணா எங்க வாசல்" என்றான்.

ஊரிலிருந்த 1,113 கட்டடங்களில் 358 போய்விட்டன. மேற்கு ஓரத்தில் கேபின் கிரீக் பகுதி கிட்டத்தட்டத் தரைமட்டம். 1928இல் கட்டிய ஆங்கிலிக்கன் தேவாலயம் போனது. இரண்டு வயதிலிருந்து தான் அறிந்த வீட்டை மேயர் ரிச்சர்ட் அயர்லாந்து இழந்தார், இழந்த கையோடு ஊருக்காகப் பத்திரிகையாளர்கள் முன் நின்றார். ஆகஸ்ட் தொடக்கத்தில், தீயோடு போராடிக்கொண்டிருந்த 24 வயது இளைஞர் ஒருவர் மரம் விழுந்து இறந்தார். மருத்துவமனை, பள்ளிகள், கழிவுநீர் நிலையம், ரயில் நிலையம், உங்கள் பழைய கல்லும் மரமுமான தகவல் மையம் எல்லாம் தப்பித்தன. மூன்றில் இரண்டு பங்கு ஊர் நின்றது. முன்கூட்டியே வைத்த நீர்த்தெளிப்பான்களும் அத்தனை வருஷமாக ஊரைச் சுற்றிக் கழித்து வைத்த மரங்களும் இல்லாவிட்டால் அந்த மூன்றில் இரண்டும் நின்றிருக்காது என்று தீயறிந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

யார் காரணம் என்ற சண்டை புகை அடங்குமுன்பே ஆரம்பித்துவிட்டது. ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு தூங்கிவிட்டது என்றது ஒரு கட்சி, காலநிலை மாற்றத்தை மறுக்கிறவர்கள் பேசலாமா என்றது இன்னொன்று. ஒரு வருஷம் கழித்து நகராட்சி தன் மீளாய்வு அறிக்கையில் மாகாண அரசின் தலையீடு தொல்லையாக இருந்தது என்று எழுத, முதல்வர் டேனியல் ஸ்மித் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். போகட்டும், இதற்குள் நான் போகப்போவதில்லை. இரண்டு தரப்பும் தொடாத ஒரு இடம் இருக்கிறது, அதுதான் எங்களைப் பற்றியது.

1915இல் மாரிசன் பார்சன்ஸ் பிரிட்ஜ்லாண்ட் என்ற நில அளவையாளர் ஜாஸ்பரின் சிகரங்களில் ஏறி, கண்ணாடித் தகடுகளில் 700க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். வரைபடம் போடுவதற்காக எடுத்த படங்கள், அழகுக்காக அல்ல. 1990களின் கடைசியில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே சிகரங்களில், அதே இடத்தில் கேமராவை நிறுத்தித் திரும்ப எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்கு ஒரு அதிர்ச்சி. பழைய படத்தில் ஜாஸ்பர் ஊர் இருக்கும் அதபாஸ்கா பள்ளத்தாக்கு திட்டுத் திட்டாக இருக்கிறது. இங்கே புல்வெளி, அங்கே இளமரக் கூட்டம், இடையில் எரிந்து நிற்கிற மரங்கள், ஆஸ்பன் என்கிற இலையுதிர் மரத் தோப்பு. புதிய படத்தில் அதே பள்ளத்தாக்கு ஓரத்திலிருந்து ஓரம் வரை இடைவெளி இல்லாத ஊசியிலைக் காடு. நாங்கள் "ஆஹா, மனுஷன் கை படாத இயற்கை" என்று ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தது அந்த இரண்டாவதைத்தான்.

எப்படி அப்படி ஆனது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், உங்கள் பூங்காவில்தானே அந்த ஆய்வும் நடந்தது. 1970களில் ஜெரால்ட் டாண்டி என்பவர் மரங்களில் இருந்த தீத்தழும்புகளைக் கணக்கெடுத்து, ஜாஸ்பர் ஊரைச் சுற்றிய காட்டின் சில நூறு வருஷத்துத் தீ வரலாற்றை எழுதினார். பழைய காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு அடிக்கடி எரிந்தது, பெரும்பாலும் தரையோடு போகிற சின்னத் தீ, இடையிடையே 1889இல் வந்தது போன்ற பெருந்தீ. 1910களுக்குப் பிறகு அநேகமாக ஒன்றுமே இல்லை. நடுவில் என்ன நடந்தது? 1907இல் பூங்கா வந்தது. வந்த சில வருஷத்தில், அந்தப் பள்ளத்தாக்கில் வீடும் தொழுவமும் குதிரைகளும் வைத்துக் குடியிருந்த, பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சாவளியான மேட்டி குடும்பங்களைக் கொஞ்சம் நஷ்டஈடு கொடுத்து வெளியேற்றியது அன்றைய நிர்வாகம். அவர்களும் அவர்களுக்கு முன்பிருந்த பழங்குடிகளும் புல் தழைக்கவும் வேட்டை விலங்கு வரவும் வசந்தத்தில் அளவாகத் தீ வைக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் போனார்கள், கூடவே அந்தக் கையும் போனது. அப்புறம் வந்தவர்கள் கண்ட தீயை எல்லாம் அணைத்தார்கள். ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்க்கிற விருந்தாளிக்குக் கரிந்த மலை பிடிக்காது, பாருங்கள்.

இது நம் பக்கத்துக் கதையும்தான், அதனால் நம்மவர்களுக்குப் புரியும். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகள் வெயில் ஏறுமுன் சருகுக்குத் தீ வைத்துக் காட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள், "தரகு பெங்கி" என்பார்கள். 1970களில் சரணாலயம் வந்து அது தடையானதும் உண்ணிச்செடி மண்டி, பிறகு பிடித்த தீ ஆளுயரத்துக்கு மேலே போனது. வெள்ளைக்காரன் ஊரிலும் அதே பாடம்தான்.

பைன் வண்டையும் சொல்லாமல் விட முடியாது. 2010களில் ஜாஸ்பருக்குப் போன எல்லாருக்கும் நினைவிருக்கும், மலைச்சரிவில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த மரங்கள், பிறகு முழுச் சரிவே சிவப்பு, அதற்கும் பிறகு சாம்பல் நிறம். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "ஃபால் கலர்ஸ் ஆரம்பிச்சாச்சு" என்று ஜூலை மாதத்தில் படம் போட்டார். அது இலையுதிர் காலம் இல்லை, செத்த மரம். மரத்தின் அருகே போய்ப் பட்டையைப் பார்த்தால், வண்டு துளைத்த ஒவ்வொரு இடத்திலும் மரம் தன்னைக் காத்துக்கொள்ள வெளியே தள்ளிய பிசின் கட்டி கட்டியாக உறைந்திருக்கும், விரல் வைத்தால் ஒட்டும். நகத்தால் பட்டையைப் பெயர்த்தால் உள்ளே மெல்லிய கோடுகளாகச் சுரங்கம், அதைச் சுற்றி மரம் நீலம் பாரித்திருக்கும், வண்டு கொண்டுவரும் பூஞ்சையின் வேலை அது. முன்பெல்லாம் குளிர்காலத்தின் கொடுங்குளிரில் இந்த வண்டின் புழுக்கள் கொத்தாகச் சாகும். குளிர் தணிந்ததில் அது பிழைத்தது. ஒரே வயதில், ஒரே இனமாக, நெருக்கி நின்ற வயதான லாட்ஜ்போல் பைன் காடு அதற்கு விருந்தாக அமைந்தது. வண்டு மட்டுமே தீயைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, அந்த வெயிலுக்கும் அந்தக் காற்றுக்கும் பச்சை மரமே எரியும். ஆனாலும் எரிய ஒரு கம்பளமாக யார் அதை வளர்த்து வைத்தது?

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஓய்வுபெற்ற வனவியலாளர்கள் இருவர் பல வருஷம் முன்பே, ஊரைச் சுற்றி இத்தனை செத்த மரம் நிற்கிறது, ஒருநாள் விபரீதம் நடக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 2022 செப்டம்பரில் செட்டமன் மலைத் தீ மின்கம்பிகளைத் தீய்த்து, ஊரே பல நாள் ஜெனரேட்டரில் ஓடியது. அப்போது நாங்கள் என்ன செய்தோம்? தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஹோட்டல் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று சொன்னால் அது பொய். 2000களின் தொடக்கத்திலிருந்தே ஊரோரம் மரங்களைக் கழித்தீர்கள், சில இடங்களில் திட்டமிட்டு எரித்தீர்கள். ஆனால் பரப்பைப் பாருங்கள். பூங்கா 11,000 சதுர கிலோமீட்டர். 2024இல் எரிந்தது 32,000 ஹெக்டேருக்கு மேல். அதற்கு முன் வருஷத்துக்கு வருஷம் நீங்கள் விரும்பி எரித்தது அதில் எத்தனையில் ஒரு பங்கு? எரிக்கத் தோதான நாட்கள் ஒரு வருஷத்தில் கொஞ்சம்தான், காற்றும் ஈரமும் ஆள்பலமும் ஒன்றாக ஒத்துவர வேண்டும். அப்படி ஒத்துவருகிற நாள் மே மாத நீண்ட வார இறுதியில் வந்தால், ஊர் நிறைய நாங்கள். புகை வந்தால் ஹோட்டலில் பணம் திருப்பிக் கேட்போம். மலீன் ஏரிச் சாலையை மூடினால் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுவோம். குழந்தைக்கு இருமல் என்போம், அதுவும் உண்மைதான். இத்தனை பேரின் முகச்சுளிப்புக்கு முன்னால் எந்த அதிகாரியும் தீக்குச்சியைப் பையிலேயே வைத்துக்கொள்வார், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். எரியுங்கள். எங்கள் விடுமுறை கெட்டால் கெடட்டும். மே மாதம் ஒரு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம் முகாமை மூட வேண்டுமா, மூடுங்கள். அன்றைக்கு எடுத்த படத்தில் மலை தெரியாமல் புகைதான் தெரியும் என்றால் தெரியட்டும். ஊரைச் சுற்றி அகலமாக ஒரு வளையம் மரமே இல்லாமல் புல்லாக இருந்தால் "என்ன இது மொட்டையா இருக்கு" என்று நம்மவர்கள் இரண்டு வருஷம் சொல்வார்கள், மூன்றாம் வருஷம் அந்தப் புல்லில் எல்க் மேய்வதைப் படம் எடுப்பார்கள். எரிக்கும்போது வெளியேற்றப்பட்ட அந்தக் குடும்பங்களின் வாரிசுகளையும் பழங்குடித் தலைவர்களையும் விழாவுக்குக் கூப்பிட்டுப் பறை கொட்ட வைத்து அனுப்பாமல், எங்கே எப்போது எவ்வளவு என்று முடிவெடுக்கும் மேசையில் உட்கார வையுங்கள்.

அடுத்தது வீடு. இதுவும் விருந்தாளிக் கணக்குதான்.

ஜாஸ்பரில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை, அரசிடமிருந்து குத்தகை. ஊரில் வேலையோ தொழிலோ இருந்தால்தான் குடியிருக்க முடியும், பணக்காரர்கள் கோடைக்கு ஒரு வீடு வாங்கிப் பூட்டி வைக்க முடியாது. நல்ல விதி, அதை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்திவிடாதீர்கள். ஆனால் அந்த விதிக்குள்ளேயே வாடகைக்காரர்கள் காலங்காலமாக நெருக்கியடித்துத்தான் கிடந்தார்கள். அடித்தள அறையில் நாலு பேர், ஊழியர் குடியிருப்பில் ஒரு அறைக்கு இரண்டு கட்டில். எங்களுக்குப் படுக்கை விரித்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், மலீன் ஏரிப் படகில் டிக்கெட் கிழித்தவர்கள். பிலிப்பைன்ஸ், இந்தியா, ஜப்பான், கியூபெக் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். வீட்டுக்காரருக்குக் காப்பீடு இருந்தது, மொத்த இழப்பீடு முதல் மதிப்பீட்டிலேயே 88 கோடி டாலர், பிறகு நூறு கோடியைத் தாண்டியது. அந்தத் தம்பிக்கு இருந்தது ஒரு சூட்கேஸ், அதுவும் எரிந்துவிட்டது. அவனுடைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. ஹோட்டல் திறக்கும்வரை சம்பளம் இல்லை, வேறு இடத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை, திரும்பிப் போனால் படுக்க இடம் இல்லை.

தீக்குப் பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடமிருந்து நகராட்சிக்குப் போக வழி செய்தது. சரி, நல்லது. மாகாண அரசு வீடு கட்ட 11 கோடியே 20 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. தனித்தனி வீடாகக் கட்டுவோம் என்றது அது. இருக்கிற இத்தனூண்டு நிலத்தில் நெருக்கமாகக் கட்டினால்தான் எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்றது நகராட்சி. 2025 தொடக்கத்தில் அந்தப் பணம் கைவிட்டுப் போனது. ஒட்டாவா பக்கமிருந்து தற்காலிக வீடுகள் வந்தன. முதலாம் ஆண்டு நிறைவின்போது பெரும்பாலான மனைகள் இன்னும் வெறும் குழிகளாகவே இருந்தன, இடிபாடு அகற்ற வேண்டும், மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் அனுமதி. ஆனால் பெரிய விளம்பரங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன: வாருங்கள், ஜாஸ்பர் திறந்திருக்கிறது.

வந்தோம். வந்தால்தான் ஊருக்குப் பிழைப்பு என்று சொன்னார்கள், அதில் பொய் இல்லை, ஊர்க்காரர்களே அழைத்தார்கள். நான் கேட்பது வரிசையைப் பற்றி மட்டும். நிலம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, குத்தகை விதிக்கிறவர்கள் நீங்கள். அடுத்த ஹோட்டல் அறைக்கு அனுமதி கொடுக்குமுன், அந்த அறையைப் பெருக்குகிற ஆளுக்குக் கதவுள்ள தனி அறை, பூட்டுச் சாவியோடு, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அனுமதி இல்லை. அதனால் எங்களுக்கு அறை கிடைக்காமல் போனால் பூங்காவுக்கு வெளியே இருக்கும் ஹின்டன் ஊரில் தங்கி, ஒரு மணி நேரம் ஓட்டி வருவோம். ஒன்றும் குறைந்துவிடாது.

கட்டும்போது இன்னொன்று. மலை ஊர் என்றால் தேவதாரு மரச்சில்லுக் கூரையும் வாசலோடு ஒட்டிய ஊசியிலை மரமும்தான் அழகு என்று ஒரு எண்ணம், அதையும் எங்கள் கண்ணுக்காகத்தான் வளர்த்தார்கள். ஊருக்குள் தீ வரும்போது சுவர் மாதிரி வருவதில்லை, முதலில் பொறியாகப் பறந்து வந்து கூரை இடுக்கிலும் மாடிப்படிக்கு அடியிலும் உட்காருகிறது, பிறகு வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவுகிறது. தகரக் கூரை போடட்டும். வீட்டைச் சுற்றி முதல் 1.5 மீட்டருக்குச் சரளைக் கல் தவிர ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள் தீ நிபுணர்கள், அப்படியே இருக்கட்டும். படத்தில் அசிங்கமாக விழும் என்று கவலைப்படாதீர்கள், நாங்கள் எப்படியும் மலையைத்தான் எடுப்போம்.

இப்போது நம்மவர்களுக்கு இரண்டு வார்த்தை. போன கோடையில் 93ஆம் எண் சாலையில், ஊரைத் தாண்டித் தெற்கே காரை நிறுத்தி இறங்கினேன். இரண்டு பக்கமும் கறுத்த கம்பங்களாக மரம், கிளை கிடையாது, பட்டை பாளம் பாளமாக வெடித்திருந்தது. தொட்டால் கை முழுக்கக் கரி, சட்டையில் பட்டால் போகாது. அடியில் முழங்கால் உயரத்துக்குப் பச்சை, நடுவே ஊதாப் பூ. லாட்ஜ்போல் பைனின் கூம்புகள் சூட்டில்தான் பிசின் உருகித் திறக்கும், விதை ஏற்கெனவே விழுந்தாயிற்று. கறுப்பு முதுகு மரங்கொத்தி எரிந்த காட்டைத் தேடி வரும் பறவை, அது டொக் டொக் என்று தட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒருவர், "ஒண்ணுமே இல்லங்க, எல்லாம் கறுப்பு. பான்ஃப்புக்கே போயிருக்கலாம்" என்றார். அவர் நல்ல மனிதர்தான், பிறகு எங்களுக்கு முறுக்கு கொடுத்தார். ஆனால் அவர் மாதிரி ஆட்களின் மனசு நோகக் கூடாது என்று, வண்டி நிறுத்தும் இடங்களில் தெரிகிற கரிமரங்களை எல்லாம் வெட்டி அழகுபடுத்தும் யோசனை ஏதாவது உங்களிடம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். தலையில் விழும் என்கிற மரத்தை வெட்டுங்கள், மற்றதை நிற்க விடுங்கள். அந்த மூலையில் பிரிட்ஜ்லாண்டின் 1915 படத்தைப் பெரிதாக ஒரு பலகையில் போட்டு வையுங்கள், பக்கத்தில் 1990களின் படம், அதன் பக்கத்தில் இன்றைக்கு எடுத்தது. விளக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பழங்குடிகளின் க்ரீ மொழியிலும் இருந்தால் போதும், தமிழில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தம்பி திரும்ப அங்கேதான் இருக்கிறான். தற்காலிக வீட்டில் ஒரு அறை, இரண்டு பேருக்கு. அம்மாவுக்கு வீடியோ காலில் பிரமிட் மலையைக் காட்டுகிறான், கேமராவைத் தெருப்பக்கம் திருப்புவதில்லையாம்.

கடைசியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். வரும் வசந்தத்தில் எந்தெந்தப் பகுதியை எரிக்கப்போகிறீர்கள் என்பதை முகாம் முன்பதிவு திறக்குமுன்பே, அதே பக்கத்தில், பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். அந்த வாரங்களை விட்டுவிட்டு மற்றதற்கு வரிசையில் நிற்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் முனகுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்மன்டனிலிருந்து, ஜாஸ்பரின் பழைய விருந்தாளி ஒருவன்